ஸ்கவுட் மாஸ்டரின் முடிச்சு

"கழட்டுடா ஸ்கார்ஃபை! இனிமே மைதானத்துப் பக்கம் தலை காட்டாதே!"

நேற்றுச் சாயங்காலம் ஏகாம்பரம் என்ற பையனை இப்படி விரட்டியபோது கோதண்டபாணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்று காலை அந்தப் பெருமையே அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

ஆம்பூரில் ஒரு ஹைஸ்கூலில் அவர் டிரில் மாஸ்டர். ஸ்கவுட் படைக்கும் அவர்தான் தலைவர். ஸ்கவுட்டுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்காவது ஓர் உதவி செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். பையனானாலும் சரி, மாஸ்டரானாலும் சரி.

ஏகாம்பரம் என்ன செய்தான்? ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு வியாபாரியின் பெட்டியைத் தூக்கி ஜட்காவில் ஏற்றிவிட்டு, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஜம்மென்று வந்துவிட்டான். அந்த மனுஷரோ ரயிலைப் பிடிக்க அப்போதுதான் ஜட்காவிலிருந்து இறங்கியிருந்தார். பெட்டியோடு கிளம்பிவிட்ட ஜட்காவைத் துரத்திக்கொண்டு அவர் ஓட, ரயில் போயே போய்விட்டது.

"தேவையில்லாத உதவி உதவியே இல்லடா. நீ முடிச்சை அவுத்தது பொய்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் கோதண்டபாணி.

இன்று வேலூரிலிருந்து ஸ்கவுட் கமிஷனர் துரை படையைப் பார்வையிட வருகிறார். பத்து மணி ரயில். துரை முதலில் பார்ப்பதே முடிச்சைத்தான். போன வருஷம் பக்கத்து ஊரில் முடிச்சோடு நின்ற ஒரு மாஸ்டரை, பையன்கள் எதிரிலேயே படையை விட்டு நீக்கிவிட்டாராம்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கோதண்டபாணியின் முடிச்சு அப்படியே இருந்தது.

சோம்பல் இல்லை. விடிந்ததிலிருந்து அவருடைய பையன்களே ஊரைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். கிணற்றடியில் நிரம்பாத குடம் ஒன்றுகூட இல்லை. மசூதித் தெருவில் இருந்த கண் தெரியாத பெரியவர், பூட்ஸ் சத்தம் கேட்டதுமே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஸ்கவுட்டா? வேணாம்பா! காலைலேர்ந்து என்னை அந்தாண்டையும் இந்தாண்டையும் இழுத்துக்கினே கிறாங்க. நான் எங்கேயும் போவல!"

தோல் ஏற்றிய வண்டி ஒன்று மேட்டில் திணறியது. கோதண்டபாணி ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்தார்.

"கைய எடுங்க சார்! மாடு மிரளுது!" என்று கத்தினான் வண்டிக்காரன்.

உதவி கேட்டு அலைகிறவர்களை ஊர் பார்த்திருக்கிறது. உதவி செய்ய அலைகிற கூத்தை இப்போதுதான் பார்த்தது.

பள்ளிக்கூடத்து உருது முன்ஷி நயீம் அகமது எதிரே வந்தார். படைக்கு அவர் துணைத் தலைவர்.

"இன்னா சார், இன்னும் அவுக்கலயா? பசங்க எல்லாம் ஸ்டேஷன்ல லைன் கட்டி நின்னாச்சு."

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல முன்ஷி!"

"அரே, சும்மா அவுத்து வுடுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"நேத்து ஒருத்தனை விரட்டிட்டு இன்னிக்கு நானே பொய்யா அவுக்கறதா? என்னால முடியாது."

"அப்ப முடிச்சோடயே வாங்க. பேஜார் பண்ணாதீங்க, ரயில் வந்துடும்!" முன்ஷி ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டார்.

கோதண்டபாணி சந்து சந்தாகப் புகுந்தார். யாராவது ஒருத்தர் தடுக்கி விழக்கூடாதா என்றுகூட நினைத்துவிட்டார். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார். ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை.

"ஐயா! கொஞ்சம் கை குடுங்கய்யா!"

ஒரு குடிசையின் மூங்கில் படலுக்கு வெளியே ஒரு பெண் தலையில் சும்மாட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பெரிய ஆவாரம்பட்டைக் கட்டு. தோல் பதம் பண்ண அந்தப் பட்டைதான் வேண்டும். காட்டில் உரித்து வந்து விற்கிறவர்கள் அந்தத் தெருவில் நிறைய.

"தோல் ஷாப்புக்கு எடுத்துக்கினு போவணும். ஒண்டியா தலைக்கு ஏத்த முடியல."

கோதண்டபாணிக்கு அவளை விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. தொப்பியைக் கழற்றிப் படலில் மாட்டினார். குனிந்து, தம் கட்டி, கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். இடுப்பில் சுளீரென்றது. அதுவும் இன்பமாகத்தான் இருந்தது.

"நல்லா இருங்கய்யா!" அவள் நடந்தாள்.

முடிச்சை அவிழ்த்தார். காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சும் வந்தது. கிட்டத்தட்ட ஓட்டமாக ஸ்டேஷன் பக்கம் திரும்பினார்.

தெருக்கோடியில் வெயில் மண்டையில் சுட்ட பிறகுதான் தொப்பி ஞாபகம் வந்தது. திரும்ப ஓடி வந்தார். தொப்பியை எடுக்கப் படலில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே வாசலில் அதே பட்டைக் கட்டு கிடந்தது. பக்கத்தில் கேட்ட குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஏகாம்பரம்!

"ஏம்மா, பட்டை பச்ச ஈரமா கீது. காய வெக்கணும்னு இப்பத்தானே எறக்கின? ஷாப்புக்குப் போவணும்னு அவராண்ட ஏன் சொன்ன?"

"காலைலேர்ந்து நம்ம தெருவையே சுத்திச் சுத்தி வர்றாருடா, கழுத்துல முடிச்சோட. மூஞ்சில ஈயாடல. பாக்கவே பாவமா இருந்திச்சு."

"என்னை விரட்டினாரே, அவருதாம்மா அது! தேவையில்லாத உதவி உதவியே இல்லன்னு அவருதான் சொன்னாரு."

அவள் கட்டைப் பிரித்துப் பட்டையை வெயிலில் பரப்பிக்கொண்டே சொன்னாள்:

"அவருக்குத் தேவையா இருந்திச்சேடா!"