குறுக்கே பேசாதவன்

மதராஸிலிருந்து வந்த ரயில் மொரப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. தாவூது விமானம் ஓட்டுபவன் என்று தெரிந்ததிலிருந்து, எதிர் சீட்டுப் புளி வியாபாரி முனிராஜ் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தார்.

"முந்தாநாளு ஒரு பிளேன் தீப்புடிச்சு விழுந்துச்சாமே, பேப்பர்ல போட்டிருந்தாங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதாங்க பறந்துட்டிருந்தேன். ரேடியோவுல எல்லாமே கேட்டுச்சு."

"அட கடவுளே! அந்த பைலட்டுக்கு ஒரு வார்த்தை தைரியம் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"கூடாதுங்க. எல்லாருக்கும் ஒரே ரேடியோதான். நான் நடுவுல வாயைத் தொறந்தா, கீழ இருந்து ஆபீசர் சொல்ற வழி அவனுக்குக் கேக்காமப் போயிடும். மத்தவங்க பேசாம இருக்கறதுதான் அவனுக்குச் செய்யற உதவி."

"இந்த வேலைக்குக் கல்நெஞ்சு வேணுங்க" என்றார் முனிராஜ்.

தாவூது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மொரப்பூரில் இறங்கியதும் நேரே கடைசிப் பெட்டிக்கு நடந்தான். ஆட்கள் ஒரு சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் தந்தை ஹயாத் பாஷா அதன்மேல் கை வைத்தபடி நின்றார்.

"நீயும் அப்ப மேலதான் இருந்தியாமே. ஒந்தம்பி கடைசியா என்னடா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலீங்க, அத்தா."

"அண்ணே, நீ பக்கத்துலதானே இருக்கே? ஏதாச்சும் பேசு அண்ணே" என்று காஜா திரும்பத் திரும்பக் கெஞ்சியதை அந்தக் கிழவரிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.