மீசையில் கருவாட்டு வாசம்

"டாக்டரய்யா, இந்த மனுசனை நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க! நேத்து தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு வந்தாரு. மீசையில கருவாட்டு வாசம்!"

அரியலூர் டாக்டர் இராமலிங்கத்தின் மேசை முன்னால் நின்றுகொண்டு ராசாத்தி பொரிந்து தள்ளினாள். அவள் புருஷன் வீரமுத்து, பால் குடித்து மாட்டிக்கொண்ட பூனை மாதிரி சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"கருவாடா?" டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உப்புக் கல்லு ஒண்ணுகூட ஆகாதுன்னு சொன்னேனேய்யா?"

"ஒரே ஒரு துண்டுதாங்க..."

"ஒரு துண்டுக்கா மீசை பூரா மணக்கும்?" என்றாள் ராசாத்தி.

ஐந்து மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று வீரமுத்துவை அழைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். டாக்டர் இரண்டு பேரையும் வைத்து என்னென்னவோ சோதனை செய்துவிட்டு, வீரமுத்துவுக்குக் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், கெட்டிருக்கிறது, உப்பு கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றைக்குப் பிடித்தது அலைச்சல். யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தது. உடையார்பாளையத்திலிருந்து மாதம் ஒரு தடவை அந்தப் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் வெள்ளை வேட்டி கறுப்பாகிவிடும். மருந்து திருச்சியிலிருந்து வரவேண்டும். யானை விலை. இருந்த ஒரே முந்திரித் தோப்பையும் விற்றாகிவிட்டது.

"தோப்பு போனா போவுது, தாலி நிக்கட்டும்னு நாந்தானே மொதல்ல கைநாட்டு வெச்சேன்? இவரு கருவாடு திங்கவா வெச்சேன்?" ராசாத்தியின் குரல் உடைந்தது.

"சரி சரி, அழாதம்மா. மருந்தாவது ஒழுங்கா உள்ள போவுதா?"

"அதை ஏன் கேக்குறீங்க! நீங்க சொன்னாப்புல நான் மொதல்ல ஒரு வேளை மருந்தைக் குடிச்சுக் காட்டுனாத்தான் இவரு கிண்ணத்தையே கையில வாங்குறாரு. வாங்கி, நான் அந்தாண்ட திரும்புனதும் பூசணிக் கொடியில ஊத்திடுறாரு. கொடி என்னமாக் காய்க்குது தெரியுங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"உனக்கு மட்டும் தனியாச் சமைச்சுக்கிறியாம்மா?"

"நல்லாச் சொன்னீங்க. புருசன் சப்புன்னு திங்கறப்போ எனக்கு மட்டும் உப்புச்சோறு தொண்டையில எறங்குமா? ஒரே உலைதாங்க. இவரை விட்டு நவுரக் கூடாதுன்னு நீங்க சொன்னதுலேருந்து காட்டு வேலைக்கும் போறதில்லை. கட்டிலோரம் காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஊரே சிரிக்குது."

"சிரிச்சா சிரிக்கட்டும். காலைக் காட்டு. மெட்டி ரொம்பத் தளர்ந்திருக்கே?"

"கழண்டு கழண்டு விழுதுங்க. இவரு கவலையில நானும் இளைச்சுட்டேன்." அவள் மடியிலிருந்து இரண்டு சிறிய புட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நோயாளியின் சிறுநீரை நல்ல ஆளின் சிறுநீரோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாதாமாதம் இரண்டு பேருடையதும் வரும். "மஞ்ச நூல் கட்டுனது என்னுதுங்க. மாறிப்போயிடக் கூடாது, ஆமா."

டாக்டர் புட்டிகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். விளக்கு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டு வரதராசப் பெருமாளைக் கூப்பிட்டாள். வீரமுத்து மீசையைத் தடவுவதைக்கூட மறந்துவிட்டான்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்தபடி வெளியே வந்தார். "இதோ பாருங்க. போன மாசம் காய்ச்சினப்போ திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா நின்னுச்சு. இப்போ லேசாக் கலங்கியிருக்கு, அவ்வளவுதான். வியாதி இறங்குமுகம்!"

"பெருமாளே!" ராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கணமே புருஷன் பக்கம் திரும்பினாள். "கருவாடு தின்னதுக்கே இப்படின்னா, திங்காம இருந்திருந்தா எப்பவோ சரியாயிருக்கும்! நான் போயி பஸ்ஸுல இடம் போட்டு வெக்கிறேன். வர்ற வழியில அந்த மீசையை எடுத்துட்டு வாங்க."

அவள் தெருமுனை திரும்பும் வரை டாக்டர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வீரமுத்துவைப் பிடித்தார்.

"ஏன்யா, கருவாடு தின்னா வாயைக் கழுவிட்டுப் போகத் தெரியாதா? அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தப்புதாங்க." வீரமுத்து அந்தக் குழாயையே பார்த்தான். திருட்டு முழியெல்லாம் ஓடிப்போயிருந்தது. "நெசமாவே தேவலைங்களா?"

"நெசமாத்தான். கால் வீக்கமும் நல்லா வத்தியிருக்கு. ஆனா இன்னும் மூணு மாசத்துக்கு நீதான் சீக்காளி. முடியுமா?"

"முப்பது மாசம்னாலும் கெடக்கேனுங்க. தனக்குத்தான் சீக்குன்னு தெரிஞ்சா, தோப்பை விக்க விட்டிருப்பாளா அவ?" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கழுவித் தந்த, மஞ்சள் நூல் கட்டிய புட்டியைக் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீரமுத்து மீசையை எடுக்கப் புறப்பட்டான்.