சாயம் போகாத துப்பட்டா

கோடை வந்ததும் மாதங்கி பீரோவைக் காலி செய்து, வெள்ளை, சாம்பல், சந்தன நிறப் பருத்தித் துணிகளாக அடுக்கினாள். எடுப்பாக ஒன்று இருக்கட்டுமென்று நடுவில் ஒரு சிவப்புத் துப்பட்டாவை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

இருட்டில் முதலில் நடுங்கியது வெள்ளைக் குர்தா. "சாம்பலக்கா, சிவப்பு வந்திருக்கு."

"பாத்தேன்," என்றது சாம்பல் நிறப் பேன்ட். "போன வருஷம் ஒரு சிவப்போட வாளியில இறங்கின வெள்ளைச் சட்டை, ரோஸ் கலர்ல வெளிய வந்துச்சு. இப்ப அது அடுப்படியில கரித்துணி."

"நான் உப்புத் தண்ணியில ஊறிட்டுத்தான் வந்தேன். என் சாயம் போகாது," என்றது துப்பட்டா.

யாரும் நம்பவில்லை. மடிப்பைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கிப் படுத்தன.

துவைக்கும் நாளில் மாதங்கி மறதியாக எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டு அலசினாள். குர்தா கண்ணை இறுக மூடிக்கொண்டது. சிவப்பு தன் மேல் ஊர்ந்து ஏறுவது போலவே இருந்தது. திறந்து பார்த்தால் தண்ணீர் தெளிவாகக் கிடந்தது.

"அடுத்த தடவை கண்டிப்பா சாயம் விட்டுரும்," என்று அப்போதும் நடுங்கியது குர்தா.

துப்பட்டாவைக் கொடியில் போட்டுவிட்டு, மாதங்கி குர்தாவுக்கென்று வேறு தண்ணீர் பிடித்துச் சில சொட்டு நீலம் விட்டாள். வாளி முழுக்க நீலமாகிவிட்டது. மேலிருந்து பார்த்த துப்பட்டா பதறியது. "ஐயோ, சாயத் தண்ணி. வெளிய வா."

குர்தா சுகமாக முங்கியது. "இது சாயமில்ல, இதுதான் எங்க வெள்ளை. நீ தள்ளித் தொங்கு, மேல சொட்டிடப் போற."