கம்பியின் உயரம்

கம்பி தொங்கவில்லை, நானே படகில் போய் அளந்தேன், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் மின்வாரியப் பொறியாளர் விஜயகுமாரி.

கடப்பாக்கம் கழிமுகத்துக்கு மேலே செல்லும் மின்கம்பியில் முந்தாநாள் ஒரு பயிற்சி விமானம் மோதி மணலில் விழுந்திருந்தது. ஓட்டிய மாணவி கை முறிந்து உயிர் தப்பியிருந்தாள்.

"அவ்ளோ கீழ வந்தா இன்னா மேடம் ஆவும்? மீன் புடிக்க வந்துச்சா அந்தப் பொண்ணு?" என்றார் லைன்மேன் கண்ணாயிரம்.

விஜயகுமாரி சிரிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த விமானப் பயிற்சிப் பள்ளி மேனேஜர் சுப்புராமன் குரலைத் தணித்தார். "கம்பி தாழத் தொங்கிக்கிட்டிருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க மேடம். இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு லைசென்ஸே கிடைக்காது. பெத்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்."

"தெரியும் சார். இப்பவும் ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் வரேன். அவ என் பொண்ணு."

கண்ணாயிரம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்த லைன் நான் நின்னு போட்டது. அம்மா போட்ட லைனைக் கிட்டப் பாக்கணும்னு யாருக்கும் சொல்லாம பிளேனைக் கீழ இறக்கியிருக்கா. மாவுக்கட்டு போட்டதும் முதல்ல என்ன சொன்னா தெரியுமா? 'கம்பி மேல பழி போட்டுடாதம்மா, நான்தான் தாழப் பறந்தேன்'னா." சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்தது.

"அவளுக்காகவாவது மேடம்..." சுப்புராமன் பேனாவை நீட்டினார்.

"இருக்கட்டும் சார். அளந்தது அளந்தபடியே போகட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அறிக்கையை மடித்து உறைக்குள் வைத்தாள்.