குடைக்காரி

"இவ எந்தக் காலத்துப் பொம்பிளை எண்டு மட்டும் சொல்லும் பிள்ளை, எனக்கு அது போதும்."

கமலினி மேசையில் வைத்த படத்தில் ஒரு கடற்கரை. ரோஜா நிற வானம், கரைந்தும் கரையாமலும் அலை, தூரத்தில் புள்ளி புள்ளியாக மனிதர்கள். நடுவில் வெள்ளை உடுப்போடு, குடை பிடித்தபடி ஒருத்தி. பார்த்துக்கொண்டே இருந்தால் நம் காலிலும் ஈரம் படுகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில்தான் கமலினியின் கணவர் விக்னராஜா இருபத்தெட்டு வருடமாகக் கிடக்கிறார்.

மெல்பேர்னில் பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பது மயூராவின் வேலை. பூதக்கண்ணாடியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அங்கிள் என்ன சொல்றவர், அன்ரி?"

"ஆரோ வீட்டுப் பழஞ்சாமான் வித்த கராஜ் சேலிலை வாங்கினதாம். நூற்றிமுப்பது வருஷப் பழசாம். அவர் ஸ்பொன்சர் செய்து நான் வந்து இறங்கேக்கையே இவ சுவரிலை நிக்கிறா. அவர் எனக்கு முந்தி வந்து, ஆறு வருஷம் தனிய இருந்தவர்."

மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை. நூற்றுமுப்பது வருடம் என்றால் குடைக்காரி எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். கமலினி நிம்மதியாகத் தூங்கலாம். அந்த ஆறு வருடத்துக்குள் என்றால்? ஓய்வு பெற்ற பிறகு மனிதர் தேத்தண்ணியோடு அவள் முன்னால்தான் கதிரையைப் போடுகிறார். அவர் சிட்னிக்கு, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வாவ்! பெயின்ற்றுக்குள்ளை மணல் இருக்கு அன்ரி. கடற்கரையிலை இருந்தே படத்தைக் கீறியிருக்கினம். அந்தக் காலத்து இம்பிரெஷனிஸ்ட் ஓவியர்கள் அப்பிடித்தான் செய்தவை."

கமலினிக்கு அப்பாடா என்றிருந்தது. குடைக்காரி மேல் முதல் தடவையாக ஒரு பாசம்கூட வந்தது. பாவம், வடிவான பிள்ளை.

மயூரா கண்ணாடியை விட்டு நிமிரவில்லை. "சொறி அன்ரி," என்றாள். "இது பழசில்லை."

"என்ன?"

"முகத்திலை பெயின்ற் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. கீழை என்னவோ வெல்வெட் துணி மாதிரி ஒட்டியிருக்கு. பசை இந்தக் காலத்துப் பசை. கீறினவர் முதல்லை இதை ஒட்டிப்போட்டு, பிறகுதான் சுத்திவர முகத்தைக் கீறியிருக்கிறார்."

கமலினி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். இத்தனை வருடம் சமைத்துப் போட்டுத் துவைத்துப் போட்டதெல்லாம் இந்தச் சிறுக்கியின் காவலாளிக்கா?

"தள்ளும், நான் பாக்கிறன்."

கண்ணாடிக்குள் கடல் கலங்கிப் பெரிதானது. அலை விலகி, தொப்பி விலகி, முகம் கிட்டே வந்தது. நெற்றியில் அரக்கு நிறத்தில் ஒரு சின்ன வட்டம்.

கமலினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அது ஒட்டுப்பொட்டு. அந்த ஆறு வருடமும் யாழ்ப்பாணத்திலிருந்து அவருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், பெயருக்குப் பதிலாகத் தன் நெற்றியிலிருந்து எடுத்து அவள் ஒட்டி அனுப்பிய பொட்டு.