மந்திக்கு எடுத்த விழா

புல்வெளியில் மேயும் மான்களுக்கு மருதமரத்து உச்சியில் இருந்த மந்திதான் காவல். சிறுத்தையின் வால் அசைந்தாலே குரல் கொடுத்துவிடும். அப்படித் தன் குட்டி பிழைத்ததை மறக்காத ஒரு தாய்மான், மந்திக்கு விழா எடுக்க எல்லோரையும் கூட்டியது.

“நான் இறங்கிட்டா யார் பார்க்கிறது?” என்றது மந்தி.

“வருஷமெல்லாம் எங்களுக்காக உட்கார்ந்திருக்கீங்க. இன்னிக்கு ஒரு நாள் எங்க மனசுக்காக வாங்கக்கா” என்று தாய்மான் கெஞ்சியது.

மந்தி இறங்கியது. மான்கள் காட்டுப்பூ மாலை போட்டு, ஒவ்வொன்றாக எழுந்து புகழ்ந்தன. கடைசி மான் பேசிக்கொண்டிருக்கும்போது புதர் விலகியது. மந்தி கத்துவதற்குள், சிறுத்தை தாய்மானின் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

மறுநாள் தாய்மான் மரத்தடிக்கு வந்தது. மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது.

“என்னைப் பாருங்கக்கா. இறங்கிட்டா யார் பார்க்கிறதுன்னு நீங்க கேட்டீங்கதானே? நான்தானே இறக்கினேன்” என்றது தாய்மான்.