துணி பட்ட இடம்

"முயலுக்கு வலிச்சா அது எப்படிம்மா சொல்லும்?"

ஹரிணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். கேட்டவள் மறந்துவிட்டாள், அம்மா அய்யம்மாள் மறக்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அய்யம்மாளுக்கு. காலையில் கதவைத் திறந்தால், குளிர்ந்த அறைக்குள் வெள்ளை வெள்ளையாய் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நடைவழி ஜன்னலில் சிறுமலை பாதி பனிக்குள் கரைந்திருக்கும். எது மேகம், எது மலை, எது முயல் என்று செத்த நேரம் பிடிபடாது. அந்த நேரத்தில்தான் மகள் கேட்ட கேள்வி மெல்ல எழுந்து வரும்.

"சிவப்பு இல்ல. வீக்கம் இல்ல. சைபர்!" என்று நிமிர்ந்தாள் ஆய்வாளர் தீபா. அன்று வியாழக்கிழமை.

சேலையில் சாயம் போகாமல் பிடித்து வைக்கும் புதுத் திரவம் ஒன்று சோதனைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை முயலின் முதுகில் கொஞ்சம் முடியை மழித்து, திரவத்தில் நனைத்த சின்னத் துணியை வைத்து ஒட்டி, நாலு மணி நேரம் கழித்து எடுத்தார்கள். மூன்று நாளாகப் பார்த்தும் தோலில் ஒரு மாற்றமும் இல்லை.

போனில் கம்பெனிக்காரர் கிளெமென்ட் துள்ளினார். "சைபர்னு வாயால சொன்னீங்களே, அது போதும் மேடம். காகிதம் மெதுவா வரட்டும். திங்கக்கிழமை சின்னாளபட்டி சாயப் பட்டறைகளுக்கு டிரம்மு போயிரும்."

போனை வைத்ததும் அய்யம்மாள் சொன்னாள்: "மேடம், இன்னொரு தடவ வச்சுப் பாக்கணும்."

பக்கத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்த பாக்கியராஜ் சிரித்துவிட்டான். "யக்கா, போன வாரம் இதே முயலுக்குப் பழனித் திருநீறு பூசி விட்டீக. இப்ப மருந்து பூசணும்கிறீக. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீ செத்த சும்மா இருப்பா."

"ஏன்க்கா திரும்ப?" என்றாள் தீபா. "நல்லாத்தானே வந்திருக்கு?"

"அன்னிக்கு ஒட்டுனது நான் மேடம். துணி அது மேல சரியாப் படல."

"நான் வந்து எடுக்கும்போது ஒட்டித்தானே இருந்துச்சு?"

அய்யம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "படல மேடம். தப்பு என்னோடதுன்னு எழுதிக்கங்க."

தீபா பேனாவை மூடினாள். "அக்கா, யோசிச்சுப் பேசுங்க. உங்களை நிரந்தரமாக்கணும்னு இந்த மாசம்தான் பேர் போயிருக்கு. ஆறு வருஷமாக் காத்திருக்கீங்க. நான் இதை எழுதினா உங்க பேரை எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும் மேடம்."

"இம்புட்டுப் பிடிவாதம் எதுக்கு?"

"பட்டறையில பொம்பளைங்க சேலைய வெறுங்கையாலதான் முக்கி எடுப்பாங்க. புள்ளி விழுறதுக்குக் கட்டுன சுங்குடி முடிச்சு விரலுக்குத் தட்டுப்படணும்ல? கையுறை போட்டா அது தெரியாது. அம்புட்டுப் பேரு கையும் நம்ம சொல்ற சைபர நம்பித்தான் உள்ள போகும்."

தீபா மறுபடி பேனாவைத் திறந்தாள். அவள் சொன்னபடியே எழுதினாள். அய்யம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

மாலை பஸ்ஸில் கண் அயர்ந்தபோது அவளுக்கு ஒரு கனவு. கொடி கொடியாய்ச் சேலைகள் காய்கின்றன. நடுவே வெள்ளை முயல்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. ஒவ்வொன்றும் அவளைக் கடக்கும்போது நின்று நிமிர்ந்து பார்க்கிறது. வாய் மட்டும் அசைகிறது. என்ன சொல்கிறதென்று குனிவதற்குள் கண்டக்டர், "யம்மா, எறங்குற இடம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அதே முயலுக்கு, முதுகின் மறுபக்கத்தில் தீபாவே துணியை ஒட்டினாள். நாலு மணி நேரமும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அய்யம்மாள் வாசலில் நின்றாள். உதடு மட்டும் முருகா, முருகா என்றது.

துணியை எடுத்தபோது தோல் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மறுநாள் கொப்புளம்.

கிளெமென்ட் போனில் கத்தினார், பிறகு கெஞ்சினார். தீபா அசையவில்லை. திரவத்தை மாற்றிச் செய்துகொண்டு வந்தால்தான் பேச்சு என்றுவிட்டாள். திங்கட்கிழமை போக வேண்டிய டிரம்கள் கம்பெனி வாசலைத் தாண்டவில்லை.

அன்று மத்தியானம் தீபா கடைசியாக ஒருமுறை பார்த்துக் குறித்துவிட்டு நோட்டை மூடினாள். "சோதனை முடிஞ்சுது. இனி இதுக்கு மருந்து போடலாம். நாளைக்கு டாக்டரை வரச் சொல்றேன். அக்கா... உங்க பேரை எடுத்துட்டாங்க."

"தெரியும் மேடம். நீங்க சாப்பிடப் போங்க."

பாக்கியராஜ் போகிற போக்கில் கேட்டான்: "யக்கா, செவக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? முருகன் வந்து சொன்னாரா?"

"சோறு ஆறுது, போப்பா."

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, அய்யம்மாள் முயலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இடது கையுறையை மெல்லக் கழற்றினாள்.

உள்ளங்கையில் சின்னச் சதுரமாகத் தோல் உரிந்து சிவந்திருந்தது. போன திங்கட்கிழமை, அறையில் யாரும் இல்லாதபோது, இந்த வாயில்லாச் சீவன் படவேண்டியதை நானே பட்டுக்கொள்கிறேன் என்று துணியை அதன் முதுகிலிருந்து எடுத்து, காலடிச் சத்தம் கேட்டுத் திரும்ப ஒட்டும்வரை அவள் மூடி வைத்திருந்த கை அது. அந்தக் கைக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பில் கடைசியாக மிஞ்சியிருந்ததைப் பிதுக்கியெடுத்து, முயலின் முதுகில் வலிக்காமல் பூசினாள்.